விமான நிலையத்துக்கு இரவுப் பேருந்து வேண்டி மூன்றாவது முறையாக மனு

அனுப்புநர்:
துபாயில் வேலை செய்யும் மகனின் தகப்பன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: காவேரிப்பட்டணம் – பெங்களூரு விமான நிலையம் நேரடி இரவுப் பேருந்து வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையைச் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் இரண்டு முறை கொடுத்தேன். ரசீது இருக்கிறது, பதில் இல்லை. ஆகவே தங்களிடம் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது:

1. பெங்களூரிலிருந்து துபாய் சுமார் 2,700 கி.மீ. விமானம் நாலு மணி நேரத்தில் போய்விடுகிறது. எங்கள் ஊரிலிருந்து அந்த விமான நிலையம் ஏறக்குறைய 135 கி.மீ. தான். அதற்கு மூன்று பஸ் மாறி, ஆறு மணி நேரமும் ஆகிறது, எட்டு மணி நேரமும் ஆகிறது.

2. 2008 மே வரை விமான நிலையம் பெங்களூருக்குள்ளேயே, எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை பக்கம் இருந்தது. தேவனஹள்ளிக்கு மாறியதும் பெங்களூரின் வடகோடிக்குப் போய்விட்டது. தெற்கிலிருந்து போகும் நாங்கள் பெங்களூரு முழுவதையும் கடக்க வேண்டும்.

3. ஐயா, போன ஆவணியில் நடந்ததைச் சொல்கிறேன். மகனுக்கு விடியற்காலை 4.20க்கு விமானம். இரவு ஏழு மணிக்கே பெட்டிகளோடு பைபாஸில் நின்றோம். எங்கள் ஊர்ப் பைபாஸ் தங்களுக்குத் தெரியும், அங்கே விளக்குக்கூடச் சரியாக இல்லை. சேலத்திலிருந்து வரும் வண்டிகள் வரிசையாகப் போயின, ஒன்றும் நிற்கவில்லை. கை காட்டிக் காட்டி என் மனைவிக்குத் தோள் வலி வந்துவிட்டது. ஒன்பதரைக்குத்தான் கிருஷ்ணகிரிக்கே ஏறினோம். மேலுமலையில் லாரி கவிழ்ந்து ஒரு மணி நேரம், அத்திப்பள்ளியில் அரை மணி நேரம். பெங்களூரு சில்க் போர்டில் இறங்கி விமான நிலைய பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது மணி 3.30. கவுண்டர் மூடிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. பத்தே நிமிஷம், ஐயா! டிக்கெட் பணம் போயிற்று. அந்த விமானம் துபாயில் இறங்கிய நேரத்திலும் நாங்கள் வாசலில் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தோம். அவன் அம்மா கட்டிக் கொடுத்த நிப்பட்டைத்தான் மூவரும் காலையில் தின்றோம்.

4. கார் வைத்துப் போகலாமே என்கிறார்கள். யார் கொடுப்பது வாடகை?

5. சேலம் போகச் சொன்னார் ஒரு அலுவலர். சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து துபாய்க்கு விமானம் எங்கே இருக்கிறது? இன்னொருவர் ஓசூரில் விமான நிலையம் வருகிறது என்றார். 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள், சந்தோஷம். ஆனால் 150 கி.மீ. சுற்றளவில் வேறு விமான நிலையம் கூடாது என்ற பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தம் 2033 வரை இருப்பதாகப் பேப்பரிலேயே போட்டிருக்கிறான். நான் விமான நிலையமா கேட்டேன்? ஒரு பஸ் கேட்டேன்.

6. வேறு மாநிலம், பர்மிட் சிக்கல் என்பதும் சரியல்ல. ஓசூர் – பெங்களூரு இடையே இரண்டு மாநில வண்டியும் பகல் முழுக்க ஓடவில்லையா?

ஆகவே இரவு எட்டு மணிக்குக் காவேரிப்பட்டணம் பேருந்து நிலையத்துக்குள் வந்து, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக விமான நிலையம் போகும் ஒரு பேருந்தும், காலையில் திரும்ப ஒன்றும் விட உத்தரவிட வேண்டுகிறேன். அது கூடாதென்றால், இரவு வண்டிகள் எங்கள் ஊரில் நின்று போகவாவது சொல்லுங்கள். மகன் தை மாதம் வருகிறான். அதற்குள் ஒரு பதிலாவது தாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(ஒப்பம்)

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் ரசீது நகல், பயன்படாத விமான டிக்கெட் நகல்.