ஈஸ்டருக்கு முதல் மருந்து ஓடர் பண்ணுங்கோ

வணக்கம். ஈஸ்டர் வெள்ளியும் திங்களும் சேர்ஜரி (ஜிபி, அதாவது குடும்ப டொக்டரின்ர கிளினிக்) பூட்டு. தொடர் மருந்து எடுக்கிற ஆக்கள் கடைசிக் குளிசை மட்டும் பாத்துக்கொண்டு இருக்காமல், ஒரு கிழமைக்கு மிச்சம் இருக்கேக்கையே ஓடர் பண்ணுங்கோ. டொக்டர் பாத்து அனுப்ப ரெண்டு வேலைநாளாவது வேணும். பார்மசிக்காரர் எடுத்துக் கட்டி வைக்கிற நேரம் வேற.

கன சேர்ஜரியில போனில ஓடர் எடுக்கிறதில்லை. என்எச்எஸ் (பிரிட்டன் அரசாங்க மருத்துவ சேவை) அப்பில போடலாம். அது சரிவராத அம்மா அப்பாமார் போன முறை மருந்தோட வந்த ரிப்பீற் துண்டில (தொடர் மருந்துப் பட்டியல்) டிக் பண்ணி சேர்ஜரிப் பெட்டிக்குள்ள போடுங்கோ. தேவையானதுக்கு மட்டும் டிக்! பாவிக்காத கிறீமை அலுமாரியில அடுக்கிறது எங்கட ஆக்களின்ர பழக்கம். திருப்பிக் குடுத்தா, பெட்டி திறக்காட்டிலும் பார்மசியில அழிக்கத்தான் வேணும்.

மருந்து எடுக்கப் பிள்ளையளை அனுப்பினா உங்கட முழுப்பேரும் முகவரியும் சொல்லி விடுங்கோ.

இங்கிலாந்தில 60 வயசானா மருந்துக்குக் காசில்லை. அதுக்குக் கீழ, நீரிழிவுக்குக் குளிசை எடுக்கிறவை ஜிபியிட்ட மருந்துக் காசு விலக்குச் சான்றிதழ் கேளுங்கோ. அது 5 வருஷம் செல்லும். சான்றிதழ் முடிஞ்சது தெரியாமல், மருந்து எடுக்கேக்க காசில்லை எண்டு டிக் பண்ணினா தண்டம் வரும்.

லீவு நாளில மருந்து முடிஞ்சா என்எச்எஸ் 111க்குப் போன் அடியுங்கோ.