பெயர் சொல்லாமல் போன நிருபருக்கு

ஜூன் 26 என்பது, 1987 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அறிவித்த போதைப்பொருள் எதிர்ப்பு நாள். அதையொட்டிய எங்கள் பேரணிக்கு எந்தப் பத்திரிகையும் செவிசாய்க்கவில்லை. ஒரு நாளிதழ் அலுவலக வரவேற்பறையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது, வீட்டுக்குக் கிளம்பிய நீங்கள் நின்று எங்கள் அறிக்கையை வாங்கிப் படித்தீர்கள். நாங்கள் கேட்கவே இல்லை. மூன்று பக்கத்தை ஒரே பக்கமாக்கி, இடம், நேரம், உதவி எண் எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்தீர்கள். ஊசிப் படத்தை எடுத்துவிடச் சொன்னீர்கள். மீள முயல்பவருக்கு அதைப் பார்த்தாலே ஆசை கிளறும் என்றீர்கள். ‘போதை அடிமை’ என்பதை அடித்துவிட்டு, ‘போதைப் பழக்கத்தால் பாதிக்கப்பட்டவர்’ என்று எழுதினீர்கள். அந்த ஒரு திருத்தம் இன்னும் மனதில் நிற்கிறது.

அப்புறம் செய்தி வந்தது. அன்று மாலைக்குள் இரண்டு தாய்மார்கள் அழைத்தார்கள், மகனை எங்கே கூட்டிப்போவது என்று கேட்டு. இது உங்கள் கண்ணில் படவேண்டும் சார். மனமார்ந்த நன்றி.