காகித உடையைக் குப்பை என்று சொல்லிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழம்பொருள் சேகரிப்பவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். நாணயம், தபால்தலை, பிரெஞ்சுக் காலத்து நாற்காலி என்று எல்லாவற்றுக்கும் மரியாதை கொடுத்துவிட்டு, ஒருமுறை போட்டு எறிகிற காகித உடைகளைச் சேர்ப்பவர்களை மட்டும் குப்பை பொறுக்குகிறவர்கள் போல ஒரே வரியில் ஒதுக்கியிருந்தார் கட்டுரையாளர். நானும் அவற்றைச் சேர்க்கிறவள்தான், அதனால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காகித உடை ஏதோ ஒரு கிறுக்கரின் வேலை இல்லை. 1966இல் அமெரிக்காவின் ஸ்காட் பேப்பர் கம்பெனி, தன் டிஷ்யூ, நாப்கின் சரக்குகளுக்கு விளம்பரமாக ஒன்றேகால் டாலருக்கு ஒரு காகித கவுனைத் தபாலில் அனுப்பியது, ஒரு வருடத்துக்குள்ளேயே ஏறக்குறைய 5 லட்சம் போய்விட்டது. கம்பெனிக்கு உடை வியாபாரத்தில் ஆசை இல்லை, நிறுத்திக்கொண்டது, ஆனால் மற்றவர்கள் விடவில்லை. காலுறை தயாரித்துக்கொண்டிருந்த மார்ஸ் என்ற நிறுவனம் இதில் இறங்கியது, கேம்ப்பெல் சூப் கம்பெனி சூப் டப்பா படத்தையே வரிசை வரிசையாக அச்சடித்து ஒரு கவுன் போட்டது. அது இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. 1968 அதிபர் தேர்தலில் நிக்சனுக்கும் ராபர்ட் கென்னடிக்கும்கூட பிரசாரக் காகித உடை வந்தது. அப்புறம் இரண்டொரு வருடத்தில் மோகம் அடங்கிவிட்டது. உடம்பில் சரியாக உட்காராது, உரசும், கிழியும், தீப்பிடிக்காமல் இருக்கப் பூசிய மருந்து துவைத்தால் போய்விடும்.

என்னிடம் ஸ்காட் கவுன் ஒன்று இருக்கிறது, சிவப்பில் மாங்காய் டிசைன் போட்டது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் காகிதத்துக்குள் வலை மாதிரி நூல் ஓடுவது தெரியும், கொரோனா காலத்தில் ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட மேலங்கியைத் தொட்டவர்களுக்கு அதன் பதம் புரியும். கீழ் ஓரத்தை யாரோ கத்தரிக்கோலால் உயரம் குறைத்திருக்கிறார்கள், வெட்டு நேராக இல்லை. அக்குளுக்குப் பக்கத்தில் ஒட்டின செலோடேப் பழுத்துப்போய் நிற்கிறது. பிரிக்காத பாக்கெட்டுக்குத்தான் விலை அதிகம், ஆனால் எனக்கு இதுதான் உசத்தி, ஏனென்றால் ஒரு பெண் இதைப் போட்டுக்கொண்டு எங்கேயோ போயிருக்கிறாள், கிழிந்ததும் எறியாமல் ஒட்டியும் வைத்திருக்கிறாள். எறியச் சொல்லி விற்ற பொருளில் இப்படி ஒன்று தப்பி நிற்பது அபூர்வம், பட்டுப்புடவையைப் பத்திரப்படுத்த எல்லார் வீட்டிலும் ஆள் உண்டு, இதற்கு யார் இருக்கிறார்கள்?

நம் புதுச்சேரிக் கடற்காற்றில் இதைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஈரம் ஏறும், இராமபாணப் பூச்சி வரும், மடித்த இடத்தில் விரிசல் விடும். ஹேங்கரில் மாட்டவே கூடாது, தோள் கிழிந்துவிடும். நான் படுக்கை வசமாக, வெயில் படாத பெட்டியில், பருத்தித் துணிக்கழிவில் செய்த தாளை இடையிடையே வைத்து அடுக்குகிறேன். அந்தத் தாளுக்கு நான் அலைய வேண்டியதே இல்லை, அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதத் தொழிற்சாலை இங்கேயே இருக்கிறது. பனையோலைச் சுவடிகளைப் பூச்சியிடமிருந்து காப்பாற்றி வைத்திருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இதே ஊரில்தான். காகிதத்தின் அருமை தெரிந்த ஊர் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்க கவுனை விடுங்கள், நம்முடையது என்ன ஆயிற்று? பள்ளி ஆண்டுவிழாவுக்கும் மாறுவேடப் போட்டிக்கும் கிரேப் பேப்பரில் தைத்த ரோஜாப்பூ பாவாடை, வண்ணத்துப்பூச்சி இறக்கை, வியர்வை பட்டால் சாயம் கழுத்தெல்லாம் ஒட்டுமே, அதில் ஒன்றை இன்று யாராவது காட்ட முடியுமா? தேர்தலுக்குத் தேர்தல் தலைவர் முகம் அச்சடித்த அட்டை முகமூடியும் காகிதத் தொப்பியும் காந்தி வீதியில் குவியும், எண்ணிக்கை முடிந்த மறுநாள் சாக்கடையில் கிடக்கும். நிக்சன் உடையை அங்கே கண்ணாடிக்குள் வைக்கிறார்கள், நாம் நம் ஊர் அரசியலை அப்படியே வாரிக் கொட்டிவிடுகிறோம். எல்லாவற்றையும் வைக்கச் சொல்லவில்லை, ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வொரு கட்சியினுடையதிலும் இரண்டு இரண்டு எடுத்து, தேதி எழுதி, நம் அரசு அருங்காட்சியகம் ஒரு பெட்டியில் போட்டு வைத்தால் போதும், செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை.

வாசகர்கள் வீட்டுப் பரணில் அந்த மாதிரி கிரேப் பேப்பர் உடை ஏதாவது இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். லேமினேஷனும் செய்துவிடாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. யார் தைத்தது, எந்தப் பள்ளி, எந்த வருடம் என்று பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். குண்டூசி குத்தியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள், துரு ஏறிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.