பழைய வீடியோ கேம்கள்: ஏல விலையும் சந்தை விலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரணில் கிடக்கும் பழைய வீடியோ கேம்கள் பெரும் புதையலாகிவிட்டன என்ற தொனியில் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 2021 ஜூலையில் 'சூப்பர் மரியோ 64' கேமின் பிரிக்கப்படாத படி ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனதை அது எடுத்துக்காட்டியிருந்தது. தகவல் சரியானதுதான். ஆனால் அந்தத் தொகை கேமுக்காகக் கொடுக்கப்பட்டதன்று; கிழியாத உறைக்கும், அதன் நிலையை ஆராய்ந்து மதிப்பெண் இட்டதற்கும் கொடுக்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேல் விற்பனையான அந்த கேமின் வெறும் கார்ட்ரிட்ஜ் (கேம் பதிந்திருக்கும், கருவியில் செருகும் பெட்டி), செகண்ட் ஹேண்ட் சந்தையில் சர்வ சாதாரணமாகக் கிடைக்கிறது.

இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவதால் என்ன நேர்கிறது என்பதைப் பல ஆண்டுகளாகப் பழைய கேம்களைத் தேடி வாங்குபவன் என்ற முறையில் அறிவேன். ஏலச் செய்தி ஒன்று வெளிவந்ததும், ஆண்டுதோறும் புதிய பதிப்பு வரும், அதனாலேயே முந்தைய ஆண்டின் பதிப்பை யாரும் சீண்டாத கால்பந்து கேமுக்குக்கூட 'மிக அரியது' என்று எழுதி வாய்க்கு வந்த விலையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். வாங்குபவர் பார்க்க வேண்டியது, விற்பவர் கேட்கும் விலையை அன்று. அதே பொருள் அண்மையில் உண்மையாகவே கைமாறிய விலையை. ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

மலிவாக வாங்க வேண்டுமானால் விற்பவரின் குறிப்பில் கண்ணில் பட வேண்டிய சொல் 'சோதித்துப் பார்க்கவில்லை' என்பதாகும். சோதித்துப் பார்த்தார்கள், வேலை செய்யவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். இருந்தாலும், அந்தக் குவியலில்தான் நல்ல பொருளும் கிடைக்கிறது. ஒருமுறை நிண்டெண்டோ 64 கன்சோல் (டிவியுடன் இணைத்து விளையாடும் கருவி) ஒன்று, சிவப்பு விளக்கு எரிந்தும் திரையில் எதுவும் வரவில்லை என்பதால் உதிரிப் பாகங்களின் விலைக்கு வந்தது. முன்பக்கத்தில் இருக்கும் சிறு மூடியை நகத்தால் நெம்பித் திறந்தேன்; உள்ளே குழி காலியாக இருந்தது. அந்த இடத்தில் வெறுமனே இணைப்பை நிரப்பும் ஜம்பர் பேக் அல்லது கூடுதல் நினைவகத்துக்கான எக்ஸ்பேன்ஷன் பேக், இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அந்தக் கன்சோலில் படமே வராது. முந்தைய உரிமையாளர் யாரோ அதை மட்டும் கழற்றித் தனியாக விற்றிருக்க வேண்டும். வீட்டில் கிடந்த ஜம்பர் பேக்கைச் செருகியதும் படம் வந்தது. அதனுடன் வந்த கன்ட்ரோலர் மட்டும் தேறவில்லை. கட்டைவிரலால் அசைத்து விளையாடும் அதன் குச்சி துவண்டு தொங்கியது. திறந்து பார்த்தால், பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசித் தேய்ந்த வெள்ளைத் தூள், குச்சி பொருந்தியிருக்கும் கிண்ணம் முழுக்கப் படிந்திருந்தது.

எல்லா முறையும் இப்படி அமைவதில்லை. என் அவசரத்தாலேயே நிண்டெண்டோவின் பழைய கன்சோலான ஃபேமிகாம் ஒன்றைக் கெடுத்தும் இருக்கிறேன். 1983இல் ஜப்பானில் வெளிவந்த அந்தக் கன்சோலுக்கு நேர்மின்சாரம் வேண்டும். அதன் அமெரிக்க வடிவமான என்.இ.எஸ்.ஸின் அடாப்டரோ 9 வோல்ட் மாறுமின்சாரத்தைத் தருவது. என்.இ.எஸ். அதை உள்ளேயே மாற்றிக்கொள்ளும். ஃபேமிகாமில் அதற்கான பாகம் இல்லை. ஆனால் முள் மட்டும் இரண்டிலும் கச்சிதமாகப் பொருந்திவிடும். பொருந்தியதே எனக்கு வினையாயிற்று.

நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸின் கார்ட்ரிட்ஜ்களில் போலிகள் மலிந்துவிட்டன. அவற்றை மலிவு என்று எண்ணி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு: அசலின் முன்பக்க ஒட்டுத்தாளில் இரண்டு இலக்க எண் ஒன்று மை இல்லாமல் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்; அடிப்பக்கத்தில், கருவியோடு இணையும் பித்தளை நிற உலோகப் பற்களுக்குச் சற்று மேலே, சர்க்யூட் பலகையில் நிண்டெண்டோ என்ற பெயர் அச்சாகியிருக்கும். புகைப்படத்தில் இவை தெரியாவிட்டால் இன்னொரு படம் கேட்பதில் தவறில்லை. தர மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

'விளையாடியது சேமிப்பில் நிற்பதில்லை' என்று விலை குறைத்து விற்கப்படும் பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜ்களைக் கண்டு பயப்படத் தேவையில்லை. உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும், அவ்வளவுதான். போக்கிமான் கோல்டு, சில்வர் ஆகிய கேம்களில் அதே பேட்டரி கடிகாரத்தையும் ஓட்டுவதால் விரைவிலேயே தீர்ந்துவிடும். 3.8 மில்லிமீட்டர் அளவுள்ள தனித் திருப்புளியும், சால்டரிங் செய்யத் தெரிந்த கையும் இருந்தால் மாற்றிவிடலாம். பற்களில் அழுக்கு இருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும். (வாயால் ஊதும் பழக்கத்தை என் வயதுக்காரர்கள் இன்னும் விடவில்லை, எச்சில் ஈரம் பற்களை அரிக்கும் என்று எத்தனை முறை சொன்னாலும் கை தானாகக் கார்ட்ரிட்ஜை வாயருகே கொண்டுபோய்விடுகிறது.)

பழையதை வாங்குவது வெறும் சேகரிப்பு மோகம் என்று தங்கள் கட்டுரை கருதியிருப்பது வருத்தமளிக்கிறது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இப்போது கடைகளில் புதிதாகக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அதே ஆண்டு மார்ச்சில் நிண்டெண்டோ 3டிஎஸ், வீ யூ ஆகிய கருவிகளின் இணையக் கடைகளிலும் விற்பனை நிறுத்தப்பட்டது. இந்நிலையில், அந்த கேம்களை முறைப்படி வாங்கி விளையாட விரும்புபவருக்குப் பெரும்பாலும் பழைய கார்ட்ரிட்ஜையும் பழைய டிஸ்கையும் விட்டால் வேறு வழியில்லை. அவற்றின் விலையைத் தேவையின்றி ஏற்றிவிடும் செய்திகளால் பாதிக்கப்படுபவர்கள் ஏலதாரர்கள் அல்லர், விளையாடுவதற்காகவே தேடுபவர்கள்தாம்.

எனவே, இனி இத்தகைய ஏலச் செய்தியை வெளியிடும்போது, அதே கேமின் பிரித்துப் பயன்படுத்திய கார்ட்ரிட்ஜ் அந்த வாரம் என்ன விலைக்கு விற்றது என்பதையும் அருகிலேயே ஒரு வரியில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்