ஓவியர் சங்க ஆண்டறிக்கை: அடங்கிய வண்ணங்களில் ஸ்டில் லைஃப்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, இவ்வாண்டு முழுவதும் அடங்கிய, அதாவது பளிச்சிடாத, வண்ணங்களில் எண்ணெய் ஓவியமாக ஸ்டில் லைஃப் (அடுக்கி வைத்த அசையாப் பொருள்களின் படம்) தீட்டுவதையே பயிற்சியாகக் கொண்டோம். சேலத்தில் ஞாயிறு வகுப்புகளும் ஏற்காட்டில் மழைக்கால முகாமும் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

களிம்பேறிய பித்தளைச் செம்பு, பழைய ஊறுகாய் ஜாடி, காப்பிக்கொட்டைச் சாக்கு ஆகியவற்றை வடக்குச் சன்னலருகே அடுக்கி வைத்தோம். வடக்கு வெளிச்சம் மாறாதது என்று ஐரோப்பிய நூல்கள் கூறினாலும், ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நம் ஊரில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால், அம்மாதங்களில் சன்னலுக்குக் காடாத்துணி கட்ட வேண்டியிருந்தது.

கறுப்பு வண்ணத்தைப் பாலெட் என்னும் வண்ணக் கலவைத் தட்டிலிருந்து விலக்கியதே இவ்வாண்டின் முக்கியமான முடிவு என்பது என் கருத்து. அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணத்தையும் கலந்து வெள்ளை சேர்த்தால் சாம்பல் நிறம் கிடைக்கிறது. நீலம் கூடினால் அது குளிர்ந்தும், சியன்னா கூடினால் வெதுவெதுப்பாகவும் தெரிகிறது. பெரும்பாலும் குப்பிகளையும் ஜாடிகளையுமே வாழ்நாளெல்லாம் தீட்டிய இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ மொராண்டியின் (1890–1964) படங்களின் அச்சுப் பிரதிகளைப் பார்த்த பிறகு, அடங்கிய நிறம் சோர்ந்த நிறமன்று என்பது உறுப்பினர்களுக்கு நன்கு விளங்கியது. நிறம் அடங்கும்போது உணர்ச்சியைத் தூரிகைதான் சுமக்க வேண்டியிருக்கிறது. ஓர் இளம் உறுப்பினர், செம்பின் நிழற்பக்கமும் சாக்கும் ஒரே அளவு இருண்டிருப்பதைக் கண்டு, அவற்றிடையேயான விளிம்பைத் துணியால் துடைத்துக் கரைத்துவிட்டு, செம்பின் வாயில் மட்டும் ஓக்கர் என்னும் மண்மஞ்சள் கலந்த வெள்ளையைத் தடிப்பாக ஒரே இழுப்பில் வைத்து நிறுத்தினார். ஆண்டின் சிறந்த படம் அதுவே.

ஆளிவிதை எண்ணெய் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றே இறுகுகிறது. ஏற்காட்டின் குளிரிலும் ஈரத்திலும் அது மேலும் தாமதமாவதால், மாங்கனீசு உள்ளமையால் விரைவில் உலரும் அம்பர் என்னும் பழுப்பு மண்வண்ணத்தையே அடிப்பூச்சுக்குப் பயன்படுத்தினோம். மேற்பூச்சில் எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற விதியையும், பின்னாளில் வெடிப்பு விழாதிருக்க, கண்டிப்பாகக் கடைப்பிடித்தோம்.

ஈரக் கான்வாஸ்களைச் சுவரில் சாய்த்து வைக்கும் நிலை நீடிப்பதால், உலர்த்துவதற்கு மரத் தாங்கி ஒன்று செய்யவும், இதே பயிற்சியை அடுத்த ஆண்டும் தொடரவும் தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்