பகுதி குறைந்தால் பின்னம் பெருகும்

அன்புள்ள கயல் கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனில், "ஆபரேஷன் ஆகி ஆறு மாசம் ஆயிருச்சும்மா, வலியே இல்ல, அடுத்த மாசம் யுனிவர்சிட்டி கபடி டீமுக்குக் கூப்பிடறாங்க" என்று சொன்னபோது, "சரி, பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். போனில் பேசினால் நான் அழுவேன், நீ கோபப்படுவாய். அப்பாவுக்கு இதில் பேச ஒன்றுமில்லை. முழங்கால் ஜவ்வு கிழிந்தது, டாக்டர் தைத்தார், தீர்ந்தது. டெய்லரிடம் கொடுத்த சட்டை மாதிரி.

தைக்கவில்லை கண்ணு. உன் தொடைக்குப் பின்னாலிருந்து ஒரு தசைநாணை உருவி, கிழிந்த ஜவ்வு இருந்த இடத்தில் கோத்திருக்கிறார்கள். நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நட்ட கதை. நட்ட நாற்று முதலில் துவளும், பச்சை பிடிக்க நாளாகும். இதுவும் அப்படித்தான், முதல் சில மாதங்களில் வைத்த அன்றைக்கு இருந்த பலம்கூட இருக்காது. ரத்த ஓட்டம் வந்து முழு ஜவ்வாக மாற ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். வலி இல்லை என்பதை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது.

நம்மூர் பிசியோ தம்பியிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் தந்த பேப்பர்களைத் தேர்வுத்தாள் திருத்துகிற மாதிரி சிவப்புப் பேனாவோடு படித்தேன். 25 வயதுக்குள் இந்த அறுவை செய்துகொண்டு விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் 23 சதவீதம் பேருக்கு மறுபடி ஜவ்வு கிழிந்திருக்கிறது, அந்தக் காலிலோ மறு காலிலோ. என் பத்தாம் வகுப்பில் 40 பிள்ளைகள். அதில் 9 பேர் என்று நினைத்ததும் பேனாவை வைத்துவிட்டேன்.

அமெரிக்காவின் டெலவேரிலும் நார்வேயின் ஆஸ்லோவிலும் நூற்றுச்சொச்சம் பேரை இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்து 2016-ல் எழுதியிருக்கிறார்கள். ஒன்பதாம் மாதம் வரைக்கும், திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முட்டியில் மறுபடி அடிபடுகிற விகிதம் 51 சதவீதம் குறைந்ததாம். ஆறிலிருந்து ஒன்பதுக்கு மூன்று மாதம். பாதியில் பாதியில் பாதி, எட்டில் ஒன்று. (உடம்பு என் வாய்ப்பாட்டுக்குக் கட்டுப்படாது, தெரியும். ஆனாலும் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.)

அதே ஆய்வில், திரும்பும் முன் வைக்கிற டெஸ்டுகள் எல்லாவற்றிலும் தேறியவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி அடிபட்டது, தேறாதவர்களில் 38.2. பார்த்ததும் மனசு குதித்தது. அப்புறம் தலைகளை எண்ணினேன். தேறியவர்கள் மொத்தமே 18 பேர், அடிபட்டது ஒருவர். இன்னும் ஒரே ஒருவர் விழுந்திருந்தால் அது 11 சதவீதம் ஆகியிருக்கும். 2019-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்வது இன்னும் விசித்திரம். டெஸ்டில் தேறியவர்களுக்குப் புது ஜவ்வு கிழிவது குறைந்ததாம், மறு காலில் கிழிவது கூடியதாம். தைரியம் வந்து அதிகம் ஆடினார்களோ என்னவோ, அது என் ஊகம். ஆக, உன் முட்டிக்கு யாரும் ஜோசியம் சொல்ல முடியாது. டாக்டராலும் முடியாது, உன் கோச்சாலும் முடியாது, என்னாலும் முடியாது.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் உனக்குத் தெரிந்தாக வேண்டும். நொண்டியடித்துத் தாவச் சொல்லி அளக்கிறார்களே, அதில் ஆபரேஷன் ஆன கால் தொகுதி, நல்ல கால் பகுதி. 90 சதவீதம் வந்தால் பாஸ். ஆறு மாதமாக நீ கட்டிலிலும் நாற்காலியிலும் இருந்தபோது நல்ல காலும் சேர்ந்துதானே சும்மா இருந்தது? பகுதி குறைந்தால் பின்னம் பெருகும், எட்டாம் வகுப்பில் உனக்கு நான் நடத்தியதுதான். தீபாவளிக்கு வந்தபோது உன் பழைய ஷார்ட்ஸ் இரண்டு தொடையிலும் தொளதொளவென்று இருந்ததை நீ கவனிக்கவில்லை. 90 என்று வந்தாலும் அது பழைய கயலின் 90 இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே நல்ல காலை அளந்து வைத்து, அந்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும் என்று 2017-லேயே எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் பார்த்தேன், சொன்னால் கோபிக்காதே. மொட்டை மாடியிலிருந்து இறங்கும்போது படிக்குப் படி ஒரே காலைத்தான் முதலில் வைத்தாய். அடிபட்ட அன்றைக்கு பாடிப் போய் போனஸ் எடுத்துத் திரும்பினாயே, யாரும் உன்னைத் தொடக்கூட இல்லை, முட்டி தானாக உள்பக்கம் சாய்ந்து 'டப்'பென்றது. அந்தச் சத்தம் இன்னும் உன் காலில் இருக்கிறது. இந்தப் பயத்தை அளக்கவும் 12 கேள்வி கொண்ட ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். அதை நிரப்பும்போது கோச் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

ஒன்பது மாதம் இருந்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடுகிற தீபா கர்மாகர் 2017-ல் முழங்கால் அறுவை செய்துகொண்டு, ஒரு வருஷத்துக்கு மேல் பொறுத்து, 2018 ஜூலையில் துருக்கியில் தங்கம் வாங்கினாள். அடுத்த மாதமே ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அதே முட்டி தொல்லை கொடுத்து டீம் ஃபைனலிலிருந்து விலகினாள். பொறுத்தவளுக்கே அப்படி.

இந்த சீசன் போனால் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை ஒரு வருஷம் தள்ளும் என்று நீ பயப்படுவது எனக்குத் தெரியாமல் இல்லை. உன் கோச்சுக்கு டிசம்பரில் ஆள் தேவை. அது அவர் கஷ்டம், தப்பென்று சொல்லமாட்டேன். உனக்கு மாசி பிறந்தால்தான் ஒன்பது மாதம் முடிகிறது. அதுவரை ஒற்றைக் கால் ஸ்குவாட்டும், தாவி இறங்கும்போது முட்டி உள்ளே சாயாமல் நிற்கிற பயிற்சியும் பாய்க்கு வெளியே வைத்துக்கொள். ஜனவரியில் டீமோடு போ, பெஞ்சில் உட்கார், கத்து.

பழைய ஃபைல் உன் ஹாஸ்டல் பெட்டியில் மஞ்சள் கவரில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பு இரண்டு காலையும் மெஷினில் அளந்த தாள் அதில் இருக்கிறதா பார். இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு. நான் வகுப்பில் இருந்தாலும் பார்த்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா

ராகி மாவு அனுப்பியிருக்கிறேன், ரூம் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.