ஷோரூம்ல போட்ட லோனுக்கும் கணக்கு கேக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்துல கார் பைனான்ஸ்ல ஏமாந்தவங்களுக்கு நஷ்டஈடுன்னு வந்த செய்திய எங்க தொண்டி பக்கம் நெறைய பேரு படிச்சிருக்காங்க. படிச்சுட்டு "அது வெள்ளைக்காரன் ஊரு, அங்க குடுப்பான், இங்க எவன் குடுப்பான்"னு விட்டுட்டாங்க. எனக்கு அது ஒத்துக்க முடியல, அதான் எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கங்க.

அங்க நடந்தது என்னன்னா, கார் விக்கிற டீலரே லோனும் போட்டுக் குடுப்பாரு, வட்டிய எவ்வளவு வைக்கலாம்ங்கிறதயும் லோன் கம்பெனி அவரு கையிலயே விட்டுருச்சு, வட்டி ஏறுனா டீலருக்கு கமிஷனும் ஏறும். டியூ கட்டுறவருக்கு இது எதுவும் தெரியாது. அந்த மாதிரி கமிஷன, அங்க பைனான்ஸ் கம்பெனிங்கள கண்காணிக்கிற நிதி நடத்தை ஆணையம் 2021 ஜனவரி 28ல தடை பண்ணிருச்சு. அதுக்கு முன்னாடி கட்டுனவங்க கேஸ் போட்டு, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, 2025 ஆகஸ்ட் 1ல தீர்ப்பு வந்துச்சு. இங்க பேசிக்கிற மாதிரி அது ஒண்ணும் முழு வெற்றி இல்ல, மூணு கேஸ்ல ஒருத்தருக்குத்தான் சாதகமாச்சு. அவரு கடனுக்காக கட்டவேண்டிய வட்டி, கட்டணம் எல்லாத்தையும் கூட்டுனா அதுல 55 சதவீதம் அளவுக்கு டீலருக்கு கமிஷன் போயிருக்கு, அவருக்கு அத சரியா சொல்லவே இல்ல, அதனால அது நியாயமில்லாத கடன் உறவுன்னு கோர்ட் சொல்லிருச்சு. அதுக்கப்புறம்தான் 2007ல இருந்து 2024 வரைக்கும் போட்ட லோனுங்களுக்கு ஆணையமே ஒரு நஷ்டஈட்டுத் திட்டத்த கொண்டுவந்துச்சு.

இப்ப நம்ம கடற்கரைக்கு வாங்க. சோலியக்குடி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் எங்க பாத்தாலும் மீன், நண்டு, கணவா ஏத்துற குட்டியானையும் லோடு ஆட்டோவும்தான், அதுல முக்காவாசி பைனான்ஸ்ல ஓடுற வண்டி. ஷோரூம்லயே ஒரு மூலையில டேபிள் போட்டு பைனான்ஸ் ஆளு உக்காந்திருப்பாரு, ஆதார், பான், செக் லீஃப் வாங்கிக்கிட்டு பேனாவக் குடுத்து "இங்க, இங்க, அப்புறம் இங்க"ன்னு கையெழுத்து வாங்கிருவாரு. அவருக்கு எங்க இருந்து எவ்வளவு வருதுன்னு யாரும் கேக்குறதில்ல. வட்டி 9 பர்சன்ட்தான்னு சொல்லுவாரு, அது ஃபிளாட் வட்டின்னு சொல்லமாட்டாரு. 5 லட்சத்துக்கு 5 வருஷம்னா வட்டி 2,25,000, மாச டியூ 12,083. மாசாமாசம் அசல் கொறைஞ்சுக்கிட்டே வருதுல்ல, ஆனா வட்டி மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு 5 லட்சத்துக்கும் போடுறாங்க, கொறையுற அசலுக்கு கணக்குப் பண்ணா அந்த 9 பர்சன்ட் கிட்டத்தட்ட 15.7 ஆகுது.

எனக்கு இங்க சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருக்கு, லோன் ஸ்டேட்மென்ட் பிரின்ட் எடுக்க வர்றவங்க பேப்பர் என் கண்ணுல படும். என் மச்சான் ஒருத்தர் வாங்குனது 5 லட்சம், ஸ்டேட்மென்ட்ல இருக்குறது 5,18,000. என்னன்னு பாத்தா ஆயுள் இன்சூரன்ஸ் பிரீமியத்த லோன்லயே சேத்துட்டாங்க, அதுக்கும் சேத்துத்தான் 5 வருஷத்துக்கு வட்டி. அவரு இன்சூரன்ஸ் கேக்கவும் இல்ல, பாலிசி பேப்பர பாத்ததும் இல்ல. போன்ல கேட்டா "அது கம்பல்சரி சார்"ங்குறாங்க. எந்த சட்டத்துல கம்பல்சரின்னு திருப்பிக் கேட்டா லைன் கட் ஆயிரும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு போகாது, ஏத்துறதுக்கு லோடு இருக்காது, ஆனா டியூ தேதி மட்டும் தப்பாம வந்துரும், ரெண்டு டியூ நின்னா சீசிங் பண்ண ஆளு வந்து நிப்பான். இதயெல்லாம் கணக்குல எடுத்து லோன் போடுற ஒரு கம்பெனியயும் நான் பாக்கல.

இதுக்கு இங்க வழியே இல்லன்னு சொல்றதுதான் தப்பு. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல்ல ஒரு உத்தரவு போட்டுருக்கு. அந்த வருஷம் அக்டோபர் 1ல இருந்து புதுசா குடுக்குற சில்லறைக் கடன், சிறு தொழில் கடன் எல்லாத்துக்கும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்'னு ஒரு தாள் குடுத்தே ஆகணும். அதுல எல்லா செலவும் சேந்த உண்மையான வருட வட்டி இருக்கணும், இன்சூரன்ஸ் மாதிரி அடுத்தவங்களுக்கு வசூல் பண்ணிக் குடுக்குற காசும் அந்தக் கணக்குல வரணும், அதுல சொல்லாத கட்டணத்த பின்னாடி கடன் வாங்குனவரு சம்மதம் இல்லாம வசூல் பண்ணக்கூடாது. முக்கியமா அந்தத் தாள் கடன் வாங்குறவருக்கு புரியிற பாஷையில இருக்கணும், விளக்கியும் சொல்லணும். படிச்சுப் பாத்து முடிவு பண்ண 3 வேலைநாளாவது டைம் தரணும். தமிழ்ல அந்தத் தாள எங்க ஊருல யாரு கையிலயும் நான் இதுவரைக்கும் பாத்ததில்ல!

அதனால பழைய லோன் இருக்குறவங்க மொதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார் குடுங்க, போன்ல சண்டை போட்டு புண்ணியமில்ல, மெயில் இல்லன்னா ரிஜிஸ்டர் தபால். லோன் அக்ரிமென்ட் காப்பி, ஸ்டேட்மென்ட், இன்சூரன்ஸ் பாலிசி, நான் கையெழுத்து போட்ட சம்மதக் கடிதம் இதெல்லாம் குடுன்னு கேளுங்க. 30 நாள்ல பதில் வரலன்னாலோ சரியில்லன்னாலோ ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன்கிட்ட, அதாவது இந்த மாதிரி புகார விசாரிக்கிற அதிகாரிகிட்ட போகலாம், ஆன்லைன்லயே போடலாம், பைசா செலவு இல்ல, விவரம் கேக்க 14448. பெரிய பைனான்ஸ் கம்பெனிங்க எல்லாம் இதுக்குள்ள வருது, லோக்கல் சீட்டுக் கம்பெனி, வட்டிக்கடை வராது, அத முன்னாடியே சொல்லிர்றேன். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போறவங்களுக்கு பிரச்சினை நடந்ததுல இருந்து 2 வருஷம்தான் கெடு. புது பாலிசியா இருந்தா கைக்கு வந்து 30 நாளுக்குள்ள வேண்டாம்னு எழுதிக் குடுத்து பிரீமியத்த திரும்பக் கேக்கலாம்.

இதுல இன்னொரு கூத்து. நஷ்டஈடு வாங்கித் தர்றேன்னு இங்கிலாந்துல கம்பெனி கம்பெனியா கெளம்பி, கிடைக்குற காசுல 30 சதவீதத்துக்கு மேல எடுத்துக்கிறாங்க, இவங்க இல்லாமலே நேரா இலவசமா கேக்கலாம்னு அந்த ஆணையமே சொல்லுது. இங்கயும் "லோன செட்டில் பண்ணித் தர்றேன், அட்வான்ஸ் 5,000 குடு"ன்னு ஆளுங்க சுத்த ஆரம்பிச்சாச்சு, அவங்ககிட்ட குடுக்குற காசுக்கு ரசீதுகூட வராது.

கலெக்டர் ஆபீஸ்ல மீனவர் குறைதீர் கூட்டம் நடக்குதே, அங்க டீசல் மானியம், படகு, இலங்கைக்காரன் புடிச்சுட்டுப் போறதுன்னு பேசுறது எல்லாமே நியாயமான பேச்சுதான், அதோட ஒருதடவையாவது இந்த வண்டி லோனப் பத்தியும் பேசுங்க, மாவட்ட முன்னோடி வங்கி அதிகாரிய அங்க உக்கார வைங்க. ஷோரூம்ல லோன் போட்டா டீலருக்கு எவ்வளவு கமிஷன்னு தாள்லயே அச்சடிக்கணும்னு ரிசர்வ் வங்கிக்கும் யாராவது எழுதணும், நான் எழுதிட்டேன். உங்க பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள், அந்த கீ ஃபேக்ட்ஸ் தாளோட மாதிரிய தமிழ்ல ஒரு பக்கம் போடுங்க, நான் பிரின்ட் எடுத்து கடைக்கு வர்றவங்களுக்கு சும்மாவே குடுக்குறேன்.

இப்படிக்கு,
தொண்டி வாசகர் ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டம்.